காதுக்கும் உண்டு ரேஷன்

பாட்டுக் கேட்பதில் தவறில்லை. அளவு மீறினால் போனது திரும்பாது

மாலை ஆறரை மணி. சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸிலிருந்து கல்யாணுக்குப் புறப்படும் மின்சார ரயிலில் மூவர் உட்காரும் இருக்கையில் நால்வர் உட்கார்ந்திருக்கிறார்கள். நிற்பவர்களுக்குக் கால் ஊன்றவும் இடமில்லை. ஆபீஸ் குமாஸ்தா, லேத் பட்டறைத் தொழிலாளி, ஓட்டல் ஊழியர், கல்லூரி மாணவர் என்று பலதரப்பட்டவர்கள். ஆனால், அவர்களில் பெரும்பாலோரிடம் ஓர் ஒற்றுமை உண்டு. காதில் இயர்போன்!

ஒருவர் சினிமாப் பாட்டு கேட்கிறார். இன்னொருவர் பட்டிமன்றம். மூன்றாமவர் பக்திப் பாடல். தாதர் தாண்டி ரயில் வேகம் பிடித்ததும் சக்கரங்களின் இரைச்சல் கூடுகிறது. பாட்டு அதில் அமுங்குகிறது. உடனே எல்லோருடைய கட்டைவிரலும் ஒரே வேலையைச் செய்கிறது: சப்தத்தை இரண்டு படி கூட்டுகிறது. தானேயில் வண்டி நின்று இரைச்சல் அடங்கிய பிறகு அதைக் குறைப்பவர்கள் எத்தனை பேர்? அநேகமாக யாருமில்லை.

"இப்படிக் கேட்டால் காது போய்விடும்" என்று வீட்டில் பெரியவர்கள் கண்டிக்கிறார்கள். "அதெல்லாம் பயமுறுத்தல்" என்கிறார்கள் இளைஞர்கள். ஒரே அறையில் தங்கியிருக்கும் நண்பர்களிடையே வேறொரு விவாதமும் நடக்கிறது. கணீரென்று, பளிச்சென்று ஒலிக்கும் இயர்போன்தான் காதைக் கெடுக்கும் என்கிறார் ஒருவர். இல்லை, 'தொம் தொம்' என்று அதிரும் இயர்போன்தான் ஆபத்து என்கிறார் மற்றவர். இதில் எது உண்மை? இந்த விஷயத்தில் விஞ்ஞானம் தெளிவான பதில்களை வைத்திருக்கிறது.

பழைய கருவி, புதிய பழக்கம்

காதில் மாட்டிக் கேட்கும் கருவி இன்று நேற்று வந்ததல்ல. டெலிபோன் தோன்றிய காலத்திலேயே அதுவும் தோன்றிவிட்டது. 1910-ல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நதானியல் பால்ட்வின் என்பவர் தம் வீட்டுச் சமையலறையில் வைத்துச் செய்த ஹெட்போனை அமெரிக்கக் கடற்படை வாங்கியது. தந்தி ஒலிகளைக் கேட்கவே அன்று அது உபயோகப்பட்டது. 1958-ல் ஜான் காஸ் என்பவர் இசை கேட்பதற்கென்றே ஸ்டீரியோ ஹெட்போனைக் கொண்டுவந்தார்.

1979 ஜூலையில் ஜப்பானின் சோனி நிறுவனம் 'வாக்மன்' கருவியை விற்பனைக்கு விட்டது. அதன் பிறகுதான் பாட்டு, மனிதனோடு நடக்க ஆரம்பித்தது. வளைகுடா நாடுகளிலிருந்து ஊர் திரும்பியவர்களின் பெட்டிகளில் அது வந்து இறங்கிய காலம் பலருக்கு நினைவிருக்கும். அப்போது காஸெட் ஒரு பக்கம் அரை மணி நேரம் ஓடும். பிறகு திருப்பிப் போட வேண்டும். பேட்டரியும் தீர்ந்துபோகும். காதுக்கு அவ்வப்போது ஓய்வு கிடைத்தது. இன்றைய செல்போனில் பாட்டு நிற்பதே இல்லை. காலை ரயிலில் மாட்டிய இயர்போனை இரவு தூங்கும்போதும் கழற்றாதவர்கள் உண்டு. கருவி மாறியதைவிடப் பழக்கம் மாறியதுதான் பெரிய மாற்றம்.

நத்தைக் கூட்டுக்குள்ளே

காதின் அமைப்பைச் சிறிது தெரிந்துகொண்டால் அபாயம் எங்கே இருக்கிறது என்பது விளங்கும்.

வெளியே தெரியும் மடலிலிருந்து சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு குழாய் உள்ளே செல்கிறது. அதன் கடைசியில் செவிப்பறை. ஒலி அலைகள் மோதி அது அதிர்கிறது. அந்த அதிர்வை மூன்று சின்னஞ்சிறு எலும்புகள் வாங்கி, உள்காதில் உள்ள 'காக்ளியா' என்ற உறுப்புக்குக் கொடுக்கின்றன. இது நத்தைக் கூடு போலச் சுருண்டிருக்கும். உள்ளே திரவம். அந்தத் திரவத்தின் அசைவை உணர்வதற்காக வரிசை வரிசையாக மயிர் அணுக்கள் நிற்கின்றன. ஒரு காதில் உள்ள மயிர் அணுக்கள் மொத்தம் சுமார் 15,000 மட்டுமே. கண்ணின் விழித்திரையில் ஒளியை உணரும் அணுக்கள் கோடிக்கணக்கில் இருப்பதை நினைத்தால், காதின் மூலதனம் எவ்வளவு சிறியது என்பது புரியும்.

இந்த நத்தைக் கூட்டில் ஒவ்வொரு சுருதிக்கும் ஓர் இடம் உண்டு. கீச்சென்ற உச்ச ஒலிகளை வாசல் பக்கம் உள்ள அணுக்கள் உணர்கின்றன. தவில், மத்தளம் போன்ற கனத்த ஒலிகளை உள்கோடியில் உள்ளவை உணர்கின்றன. ஒலி அலை இந்தச் சுருளில் எப்படிப் பயணம் செய்கிறது என்பதை ஆராய்ந்தவர் ஹங்கேரியைச் சேர்ந்த ஜியார்ஜ் வான் பெகசி. தபால் துறையின் டெலிபோன் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தபோது இந்த ஆராய்ச்சியில் இறங்கிய அவருக்கு 1961-ல் நோபல் பரிசு கிடைத்தது.

வயலில் நிற்கும் பயிரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முறை மிதித்தால் சாய்கிறது, மறுநாள் நிமிர்ந்துவிடுகிறது. தினமும் அதே வழியில் ஆள் நடந்தால் அங்கே ஒற்றையடிப் பாதை விழுந்துவிடும். பலத்த ஒலி மயிர் அணுக்களை இப்படித்தான் மிதிக்கிறது. வாசல் பக்கம் இருப்பவைதான் முதலில் மடிகின்றன.

கோழி போன்ற பறவைகளுக்கு அழிந்த மயிர் அணுக்கள் மறுபடியும் முளைக்கின்றன என்பது 1980-களில் கண்டறியப்பட்டது. மனிதனுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. போனது போனதுதான். அதைத் திரும்ப முளைக்க வைக்கும் மாத்திரையோ, ஊசியோ, எண்ணெயோ இன்றுவரை கிடையாது.

எண்ணிக்கையில் ஏமாறக் கூடாது

ஒலியின் பலத்தை 'டெசிபல்' என்ற அளவால் குறிக்கிறார்கள். அமைதியான அறையில் சுமார் 30 முதல் 40 டெசிபல். இருவர் சாதாரணமாகப் பேசுவது சுமார் 60. நெரிசலான சாலை 80-ஐத் தாண்டும். இரும்பைத் தேய்க்கும் கிரைண்டர் 90-ஐயும் தாண்டும். இயர்போனில் சப்தத்தை முழுவதும் திறந்துவிட்டால் பல சாதனங்களில் அது 100 டெசிபலை எட்டிவிடும்.

"80-க்கும் 90-க்கும் பத்துதானே வித்தியாசம்?" என்று கேட்கத் தோன்றும். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். டெசிபல் கணக்கு நம் மளிகைக் கடைக் கணக்கு அல்ல. 3 டெசிபல் கூடினால் காதில் விழும் ஒலிச் சக்தி இரட்டிப்பாகிறது. 10 கூடினால் பத்து மடங்கு. 20 கூடினால் நூறு மடங்கு. ஆனால், பத்து மடங்கு சக்தியைக் காது ஏறக்குறைய இரண்டு மடங்கு சப்தமாகத்தான் உணர்கிறது. 'கொஞ்சம்தானே கூட்டினோம்' என்று கை நினைக்கும். உள்ளே இருக்கும் அணுக்களுக்கோ பத்து மடங்கு அடி.

வாரத்துக்கு எவ்வளவு?

ஆகவே, எவ்வளவு சப்தம் என்பதோடு எவ்வளவு நேரம் என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். ரேஷன் கார்டில் குடும்பத்துக்கு இத்தனை கிலோ என்று இருப்பதுபோல், காதுக்கும் ஓர் ஒதுக்கீடு உண்டு. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு யூனியனும் சேர்ந்து வகுத்துள்ள வரம்பின்படி, வயது வந்தவர் ஒருவர் 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். குழந்தைகளுக்கு 75 டெசிபல்தான் வரம்பு.

சப்தம் கூடக் கூட நேரம் சுருங்குகிறது. 85 டெசிபல் என்றால் வாரத்துக்குப் பன்னிரண்டரை மணி. 90 என்றால் நான்கு மணி. 95 என்றால் ஒன்றேகால் மணி. 100 டெசிபலில் கேட்டால் வாரம் முழுவதற்கும் சேர்த்து 20 நிமிடம்தான்!

கல்யாணிலிருந்து கோட்டைப் பகுதிக்கு வேலைக்கு வரும் ஒரு குமாஸ்தாவை எடுத்துக்கொள்வோம். போக ஒரு மணி, வர ஒரு மணி. வாரத்தில் ஆறு நாள். மொத்தம் 12 மணி நேரம். 85 டெசிபலில் கேட்டுக்கொண்டு வந்தால் அவருடைய ரேஷன் சரியாகப் போய்விடும். பழுதில்லை. அதே மனிதர் ரயில் இரைச்சலை வெல்வதற்காக 95 டெசிபலில் கேட்டால்? அவருக்கு உரியது ஒன்றேகால் மணி. அவர் எடுத்துக்கொண்டதோ 12 மணி. ஏறக்குறைய பத்து வார ஒதுக்கீட்டை ஒரே வாரத்தில் செலவழித்துவிடுகிறார். கடைக்காரராவது கடன் கொடுப்பார், காது கொடுக்காது.

ஒரே நாளில் எதுவும் தெரிந்துவிடாது. முதல் வருடம் தெரியாது. மூன்றாம் வருடமும் தெரியாமல் இருக்கலாம். தெரியும்போது பெரும் பகுதி அழிந்திருக்கும். உலகெங்கும் 100 கோடிக்கு மேற்பட்ட இளைஞர்கள் இப்படி அளவு மீறிக் கேட்பதால் அபாயத்தில் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் எச்சரித்திருக்கிறது.

கணீர் ஒலி குற்றவாளியா?

இப்போது அறை நண்பர்களின் விவாதத்துக்கு வருவோம். பளிச்சென்று ஒலிக்கும் இயர்போன் என்றால் என்ன? பழைய டேப் ரிக்கார்டரில் 'பேஸ்', 'டிரெபிள்' என்று இரண்டு திருகுகள் இருக்கும். டிரெபிளைக் கூட்டினால் ஜால்ராவும் புல்லாங்குழலும் பாடகியின் 'ஸ' எழுத்தும் துல்லியமாக எழும்பும். சில இயர்போன்கள் தயாரிப்பிலேயே இப்படி டிரெபிள் தூக்கலாக அமைக்கப்பட்டிருக்கும். கடையில் ஒரு நிமிடம் மாட்டிப் பார்ப்பவருக்கு 'ஆஹா, என்ன கிளியர்!' என்று தோன்றும்.

இந்தக் கணீர் ஒலி மட்டும் தனியாக ஒரு விஷம் அல்ல. குறைந்த சப்தத்தில் கேட்டால் அதனால் கெடுதல் இல்லை. காதைக் கெடுப்பது ஒலியின் பலமும் நேரமும்தான். ஆனால், பலமும் கணீரும் சேர்ந்தால் நிலைமை மோசமாகிறது. அதற்குக் காரணங்கள் உண்டு.

முதலாவது, காதுக் குழாயே ஓர் ஒலிபெருக்கி. அதன் நீளம் காரணமாக, வினாடிக்கு சுமார் 3,000 அதிர்வு உள்ள ஒலிகளை அது இயல்பாகவே 10 டெசிபலுக்கு மேல் தூக்கிக் கொடுக்கிறது. நம் காது அதிகக் கூர்மையாகக் கேட்பதும் இந்தப் பகுதியைத்தான். கனத்த ஒலிகளுக்கு இந்தச் சலுகை இல்லை. அதனால்தான் காதுக்கான சப்த அளவைக் கணக்கிடும் மீட்டர்களில் கனத்த ஒலிக்குக் குறைந்த மதிப்பும், உச்ச ஒலிக்கு முழு மதிப்பும் தருகிறார்கள்.

இரண்டாவது, எந்தச் சுருதியில் அடி விழுகிறதோ அதற்குச் சற்று மேலே உள்ள இடத்தில்தான் சேதம் அதிகமாக ஏற்படுகிறது. 3,000 அதிர்வில் விழும் அடி 4,000-ல் பள்ளம் தோண்டுகிறது. சப்தத்தால் காது கெட்டவர்களைச் சோதித்து வரைபடம் எடுத்தால், பெரும்பாலும் 4,000 அதிர்வுக்கு அருகில் ஒரு பள்ளம் தெரியும். டாக்டர்கள் இதைப் பார்த்தவுடனே "சப்தத்தில் வேலை செய்கிறீர்களா?" என்று கேட்பார்கள். டிரெபிள் தூக்கலான இயர்போனைப் பலமாக வைப்பவர், சரியாக அந்தப் பலவீனமான இடத்தின் மீதே சக்தியைக் குவிக்கிறார்.

மூன்றாவது காரணம் ஒரு விஷச் சக்கரம். உச்ச ஒலிகளை உணரும் அணுக்கள் மடிந்தவருக்குப் பாட்டு மங்கலாகக் கேட்கும். இயர்போன் பழசாகிவிட்டது என்று நினைத்து, இன்னும் பளிச்சென்று ஒலிப்பதை வாங்குவார். டிரெபிளை இன்னும் கூட்டுவார். கெட்டது இயர்போன் அல்ல, காது என்பது தெரியாமலே அவர் காதை மேலும் கெடுத்துக்கொள்கிறார்.

'தொம் தொம்' கட்சிக்காரர் இதைக் கேட்டு மகிழ்ந்துவிட வேண்டாம். கணீர் ஒலியில் ஒரு நன்மையும் இருக்கிறது. அளவு மீறினால் சுருக்கென்று குத்தி எரிச்சலூட்டும். கை தானாகவே சப்தத்தைக் குறைக்கும். மிருதுவாக, இதமாக ஒலிக்கும் இயர்போனில் அந்த எச்சரிக்கை இல்லை. அதை 100 டெசிபலில் வைத்து மணிக்கணக்காகக் கேட்டாலும் சுகமாகவே இருக்கும். காதில் வலி தோன்றுவது 120 டெசிபலுக்கு மேல்தான். சேதமோ அதற்கு வெகு முன்பே ஆரம்பித்துவிடுகிறது. வலிக்கவில்லை என்பதால் கெடவில்லை என்று எண்ணிவிடக் கூடாது.

பட்டறையும் பாட்டும் ஒரே கணக்கில்

சப்தத்தால் காது கெடுவது தொழிலாளர்களுக்குப் புதிய செய்தி அல்ல. 1886-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் தாமஸ் பார் என்ற டாக்டர், கொதிகலன் செய்யும் தொழிலாளர்களின் காதுகளைச் சோதித்தார். வார்ப்படத் தொழிலாளர்களோடும் தபால்காரர்களோடும் ஒப்பிட்டார். நாளெல்லாம் தெருவில் நடந்த தபால்காரர்களின் காது நன்றாக இருந்தது. இரும்புக் கூட்டுக்குள் சுத்தியல் அடித்தவர்களின் காது மோசமாகக் கெட்டிருந்தது. 'கொதிகலன்காரர் செவிடு' என்றே அந்த நோய்க்குப் பெயர் வழங்கியது.

நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகளும் 8 மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்று வரம்பு வகுத்தன. சப்தத்தால் வரும் கேள்விக் குறைவு, தொழில் நோய்களின் பட்டியலில் இடம்பெற்றது. அமெரிக்காவில் தொழிலாளர் உடல்நலத்தை ஆராயும் அரசு நிறுவனம் 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல்தான் பாதுகாப்பானது என்கிறது. 88 என்றால் நான்கு மணி. 91 என்றால் இரண்டு மணி. 94 என்றால் ஒரே மணி.

இதில் ஓர் உண்மையைப் பலரும் நினைத்துப் பார்ப்பதில்லை. காதுக்கு எது இரைச்சல், எது இசை என்று தெரியாது. லேத் மெஷினின் கிறீச்சொலியையும் அபிமானப் பாடகரின் குரலையும் அது ஒரே கணக்கில்தான் வரவு வைக்கிறது. லேத், பிரஸ், தறி, கிரைண்டர் ஆகியவற்றின் அருகே நாள் முழுவதும் நிற்கும் தொழிலாளிக்கு அன்றைய ரேஷன் பட்டறையிலேயே தீர்ந்துவிடுகிறது. சங்கு ஊதியதும் அவருடைய காதுக்குத் தேவை ஓய்வு. அவரோ ரயிலில் ஏறியவுடன் இயர்போனை மாட்டிச் சப்தத்தைக் கூட்டுகிறார். அலுப்புத் தீரத்தான் கேட்கிறார். ஆனால், ஓவர்டைம் பார்ப்பது அவருடைய காது!

அந்த நேரத்தில் இன்னொரு விபரீதமும் உண்டு. எட்டு மணி நேர இரைச்சலில் மரத்துப்போன காது தற்காலிகமாக மந்தமாகியிருக்கும். வழக்கமான சப்தம் போதாது என்று தோன்றும். எனவே, வேலை முடிந்து வருகிறவர் ஓய்வு நாளில் வைப்பதைவிடக் கூடுதலாக வைப்பார்.

பட்டறையில் மெஷின் இரைச்சலை மறைப்பதற்காக இயர்போனில் பாட்டு வைத்துக்கொள்வோரும் இருக்கிறார்கள். இது காது பாதுகாப்பு ஆகாது. இரைச்சலுக்கு மேல் இரைச்சல்தான். எச்சரிக்கைக் குரலும் கேட்காமல் போகும். பட்டறைக்கு உரியது காது அடைப்பான் அல்லது காது மூடி. சோம்பலின்றி அதைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டும்.

கேட்கிறது, புரியவில்லை

"கொஞ்சம் காது மந்தமானால் என்ன? சத்தமாகப் பேசச் சொன்னால் போகிறது" என்று நினைப்பவர்கள் உண்டு. சப்தத்தால் கெட்ட காது அப்படிப்பட்ட மந்தம் அல்ல. அது உச்ச ஒலிகளை முதலில் இழக்கிறது. பேச்சில் உயிரெழுத்துகள் கனத்தவை. அவை நன்றாகக் கேட்கும். க, ச, த, ப, ஸ, ஷ போன்ற மெய்யொலிகள் மெல்லியவை, உயர்ந்த சுருதியில் இருப்பவை. அவை நழுவிவிடும். 'காசு' என்றாரா, 'காது' என்றாரா, 'காப்பு' என்றாரா என்பது புரியாது. யாரோ பேசுகிறார்கள் என்பது கேட்கும். என்ன பேசுகிறார்கள் என்பது விளங்காது. சத்தமாகப் பேசினாலும் அதே கதைதான்.

தாய்மொழியில் பாதி வார்த்தை விட்டுப்போனாலும் மீதியை ஊகித்துக்கொள்ளலாம். வேற்று மாநிலத்தில் பிழைக்க வந்தவருக்கு அந்த வசதி எப்போதும் கிடையாது. மேஸ்திரி இந்தியில் சொல்கிறார். மேலதிகாரி மராத்தியில் கேட்கிறார். வாடிக்கையாளர் டெலிபோனில் ஆங்கிலத்தில் எண்களை அடுக்குகிறார். அரைகுறையாகத் தெரிந்த மொழியில் ஒவ்வொரு எழுத்தும் காதில் விழுந்தாக வேண்டும். இரைச்சலுக்கு நடுவே அந்நிய மொழியைப் புரிந்துகொள்வது நல்ல காது உள்ளவருக்கே கடினம். காதும் கெட்டுவிட்டால்? 'இவனுக்கு எதைச் சொன்னாலும் இரண்டு முறை சொல்ல வேண்டியிருக்கிறது' என்ற பெயர்தான் மிஞ்சும். கெட்டது காது என்று யாருக்கும் தோன்றாது. மூளை மந்தம் என்றே முடிவு கட்டுவார்கள்.

ரயில்வே, டிரைவர் வேலை, காவல்துறை போன்றவற்றில் சேர மருத்துவப் பரிசோதனை உண்டு. அங்கே கேள்வித் திறனும் பார்க்கப்படும். பரீட்சையில் தேறியும் பரிசோதனையில் நின்றுபோவது எவ்வளவு பெரிய நஷ்டம்!

எச்சரிக்கை மணிகள்

காது சும்மா கெட்டுவிடுவதில்லை. முன்கூட்டியே சில சமிக்ஞைகள் தருகிறது. இயர்போனைக் கழற்றியதும் காது அடைத்தது போல் இருப்பது ஒன்று. தலைக்குள் 'ஙொய்' என்ற ரீங்காரம் கேட்பது இன்னொன்று. கூட்டத்தில் பேச்சு விளங்காமல் போவது, டி.வி. சப்தத்தை மற்றவர்கள் குறைக்கச் சொல்வது, டெலிபோனைக் காது மாற்றி மாற்றி வைப்பது, எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்த்துக் கேட்பது ஆகியவையும் அடையாளங்களே.

அடைப்பும் ரீங்காரமும் மறுநாள் சரியாகிவிடுவதுண்டு. ஆகவே, 'சரியாகிவிட்டது' என்று பலர் அலட்சியமாக இருந்துவிடுகிறார்கள். ஆனால், 2009-ல் பாஸ்டன் நகர விஞ்ஞானிகள் எலிகளிடம் நடத்திய ஆராய்ச்சி வேறொன்றைச் சொல்கிறது. பலத்த சப்தத்துக்குப் பிறகு எலிகளின் கேட்கும் திறன் பழையபடி திரும்பிவிட்டது. மயிர் அணுக்களும் அப்படியே இருந்தன. ஆனால், அவற்றை மூளையோடு இணைக்கும் நரம்புத் தொடர்புகளில் ஏறக்குறைய பாதி நிரந்தரமாக அறுந்திருந்தன. மனிதனிடமும் இதே சேதம் எவ்வளவு நேர்கிறது என்பது ஆராயப்பட்டு வருகிறது. எப்படியானாலும், காது அடைத்தால் 'நேற்று அளவு மீறியது' என்று பொருள். அதை எச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் அது தனி விஷயம். அது அவசர நோய். எண்ணெய் விட்டுப் பார்ப்போம், ஊருக்குப் போய்ப் பார்ப்போம் என்று காத்திருக்கக் கூடாது. அன்றே காது, மூக்கு, தொண்டை டாக்டரிடம் போக வேண்டும். முதல் சில நாட்களில் சிகிச்சை தொடங்கினால் பலருக்குக் கேள்வி திரும்ப வாய்ப்பு உண்டு.

என்ன செய்யலாம்?

பாட்டே கேட்கக் கூடாது என்று எந்த டாக்டரும் சொல்வதில்லை. ஊரைவிட்டு வந்தவருக்குப் பாட்டுதானே துணை! சில எளிய வழிகளைக் கடைப்பிடித்தால் போதும்.

1. செல்போனின் முழு சப்தத்தில் 60 சதவிகிதத்தைத் தாண்டாதீர்கள். பல போன்களில் அதற்கு மேல் போகாதபடி கட்டுப்படுத்தும் வசதி இருக்கிறது. ஐரோப்பாவில் 2013 முதல் விற்கப்படும் சாதனங்களில் 85 டெசிபலிலேயே முதல் வரம்பு வைத்து, மீறினால் எச்சரிக்கை காட்ட வேண்டும் என்று விதி செய்திருக்கிறார்கள்.

2. அமைதியான அறையில் உட்கார்ந்து சப்தத்தை அமைத்துக்கொள்ளுங்கள். ரயிலில் ஏறிய பிறகு கூட்டாதீர்கள். அந்தச் சப்தத்தில் பாட்டு கேட்கவில்லை என்றால், அது பாட்டு கேட்கும் இடமல்ல.

3. கை நீட்டும் தூரத்தில் இருப்பவர் சாதாரணமாகப் பேசுவது உங்களுக்குக் கேட்கவில்லை என்றால், அல்லது உங்கள் இயர்போன் பாட்டு பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்டால், சப்தம் பெரும்பாலும் அளவு மீறியிருக்கிறது.

4. காதில் நன்றாகப் பொருந்தி அடைக்கும் ரப்பர் முனை உள்ள இயர்போன் வெளி இரைச்சலைத் தடுக்கும். குறைந்த சப்தமே போதும். இரைச்சலை ரத்து செய்யும் ஹெட்போன்களும் உள்ளன. சக்கரம், மோட்டார் போன்றவற்றின் தொடர்ந்த முழக்கத்தை இவை நன்றாகக் குறைக்கும்.

5. ஆனால், எந்த இயர்போனானாலும் சாலையைக் கடக்கும்போதும் ரயில் நிலையத்திலும் கழற்றிவிடுங்கள். மின்சார ரயில் ஓசையின்றி நெருங்கிவிடும். ஹார்ன் கேட்காத காதோடு தண்டவாளத்தில் கால் வைத்தால் போவது காது மட்டுமல்ல.

6. ஒரு மணி நேரம் கேட்டால் பத்து நிமிடமாவது ஓய்வு கொடுங்கள். இரைச்சல் மிகுந்த வேலை பார்ப்பவர் வீடு திரும்பும் நேரத்தைக் காதுக்கு விடுமுறையாக விட்டுவிடுவது நல்லது. பாட்டுக் கேட்டுக்கொண்டே தூங்குவது வேண்டாம். காது இரவில் இளைப்பாறட்டும்.

7. டிரெபிள் தூக்கலான இயர்போன் வைத்திருப்பவர், போனிலுள்ள 'ஈக்வலைசர்' அமைப்பில் அதைச் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம். இரண்டு நாளில் காது பழகிவிடும்.

8. அறையில் நால்வர் ஒரே இயர்போனை மாற்றி மாற்றி உபயோகிக்காதீர்கள். சீழும் காளானும் தொற்ற இடமுண்டு. காதில் எண்ணெய் விடுவது, குச்சி போடுவது இரண்டும் கூடாது.

சந்தேகம் உள்ளவர்கள் 'ஆடியோமெட்ரி' என்ற சோதனையைச் செய்துகொள்ளலாம். ஹெட்போனை மாட்டி, மெல்லிய ஒலிகளைக் கேட்கச் செய்து, கேட்டதும் பொத்தானை அழுத்தச் சொல்வார்கள். வலி கிடையாது. ஊசி கிடையாது. பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிகளின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் இந்த வசதி உண்டு. மும்பையில் பாந்த்ரா ரெக்லமேஷன் பகுதியில், 1983-ல் மத்திய அரசு தொடங்கிய அலி யாவர் ஜங் தேசிய நிலையம் காது கேளாமைக்கென்றே இயங்குகிறது. மைசூரில் 1965 முதல் அகில இந்தியப் பேச்சு, கேள்வி நிலையம் இருக்கிறது. இரைச்சலான தொழிற்சாலையில் புதிதாகச் சேருபவர், சேர்ந்தவுடனே ஒரு முறை சோதனை செய்து அந்தச் சீட்டைப் பத்திரப்படுத்தி வைப்பது நல்லது. பின்னால் வேலையினால் காது கெட்டது என்று நஷ்டஈடு கேட்க நேர்ந்தால், வந்த நாளில் காது எப்படி இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

ஞாயிற்றுக்கிழமை டெலிபோன்

பட்டறையிலும் ஆபீஸிலும் ரயிலிலும் காது படும் பாட்டைத் தவிர்க்க முடியாமல் போகலாம். அந்த இரைச்சல்கள் நம் கையில் இல்லை. ஆனால், இயர்போனின் சப்தம் மட்டும் முழுக்க முழுக்கத் தன் கட்டைவிரலில் இருக்கிறது. ஒருவர் தம் காதுக்குத் தாமே செய்துகொள்ளும் கெடுதலில் இது ஒன்றுதான் செலவின்றி, மருந்தின்றி, அனுமதியின்றி நிறுத்தக்கூடியது.

ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை. நெல்லையிலிருந்தோ விழுப்புரத்திலிருந்தோ அம்மா டெலிபோனில் பேசுவாள். வயதானவர்களின் குரல் மெலிந்துவிடும். பல் போனவர்களின் எழுத்துகள் குழையும். மழை பெய்ததா, மாடு கன்று போட்டதா, தங்கைக்கு எந்த ஊரிலிருந்து பெண் கேட்டு வந்திருக்கிறார்கள் என்பதையெல்லாம் அவள் அந்தக் குரலில்தான் சொல்ல வேண்டும். "என்னம்மா? மறுபடி சொல்லு" என்று ஒவ்வொரு வார்த்தைக்கும் கேட்கும் நிலை முப்பது வயதில் வரவேண்டுமா என்பதை, இன்று மாலை ரயிலில் சப்தத்தைக் கூட்டும் முன் ஒவ்வொருவரும் யோசித்துக்கொள்ள வேண்டும்.